புற்றடியில் காளான் வந்திருக்கிறது, வெள்ளிக்கிழமை பெக்கோ வருகிறது

வளவுப்பிள்ளை | செவ்வாய், காலை 7.10

எல்லோருக்கும் வணக்கம். முல்லைத்தீவு மாவட்டத்தில், ஒட்டுசுட்டானுக்குக் கிட்ட அம்மம்மாவின் காணியில் இருக்கிறோம். நான்கு மாடு நிற்கிறது, மாரிக்கு ஒதுங்க அவற்றுக்கு இடம் இல்லை. கொட்டில் போட நிலத்தைச் சமப்படுத்த வேண்டும் என்று வெள்ளிக்கிழமைக்கு மண் வழிக்கிற பெக்கோ இயந்திரம் பேசியாயிற்று. கொட்டில் வரும் இடத்தில் இடுப்பளவு உயரத்தில் ஒரு புற்று இருக்கிறது.

போன கிழமை ஈசல் பறந்தது. முந்தநாள் இரவு இடியோடு நல்ல மழை. இன்று விடியப் பார்த்தால் புற்றைச் சுற்றிப் பன்னிரண்டு மொட்டு. சாம்பல் நிறம், நுனி ஈட்டி மாதிரிக் கூர். ஒன்றைப் பிடித்து மெல்ல இழுத்தேன். வேர் வந்துகொண்டே இருந்தது. என் முழங்கை நீளம் வந்த பிறகும் முடியவில்லை, அறுந்துதான் வந்தது.

அம்மம்மா பார்த்ததும், "உது புற்றுக் காளான் பிள்ளை. உதை இடிச்சுப்போட்டு மாட்டுக்கு நிழல் தேடுறியோ?" என்று கேட்டா. எனக்கு ஒன்றும் சொல்ல வரவில்லை.

இது உண்மையிலேயே சாப்பிடக்கூடியதா? புற்றை இடித்தாலும் அந்த வேரை எடுத்து வேறு இடத்தில் நட்டு வளர்க்கலாமா? தெரிந்தவர்கள் சொல்லுங்கள்.


குளக்கட்டு | செவ்வாய், காலை 8.25

பிள்ளை, முதலில் பெக்கோக்காரருக்குத் தொலைபேசி எடுத்துக் கொஞ்சம் பொறுக்கச் சொல்லுங்கள். மற்றதைப் பிறகு கதைப்போம்.

நான் முத்தையன்கட்டுப் பக்கம். அறுபது வயது கடந்துவிட்டது. எங்கள் ஆட்கள் புற்றில் கை வைக்க மாட்டார்கள். நாகதம்பிரான் இருக்கிற இடம் என்பார்கள். புளியங்குளத்துக்குப் பக்கத்தில் புதூர் நாகதம்பிரான் கோயிலுக்குப் பொங்கலுக்குப் போய் வந்த சனம் எப்படி மண்வெட்டியால் புற்றைக் கொத்தும்? காடு வெட்டி வயலாக்கினபோதுகூட வரம்பை வளைத்துக்கொண்டு போனார்கள், புற்று அப்படியே நின்றது. அந்தப் பயபக்திதான் இவ்வளவு காலமும் எங்களுக்குக் காளான் தந்தது என்பது என் எண்ணம்.

1997இல் ஜெயசிக்குறு இராணுவ நடவடிக்கை தொடங்கி, இடம்பெயர்ந்து காட்டோரம் தறப்பாளுக்குள் இருந்தோம். பொருளாதாரத் தடை, கடையில் சாமான் இல்லை. மீனும் இல்லை, இறைச்சியும் இல்லை. அந்த ஐப்பசி மழைக்கு என் தாயார் ஒரு நாள் சீலைத் தலைப்பு நிறையக் காளான் கொண்டுவந்தா. வேர்ப்பக்கத்து மண்ணைக் கத்தியால் சுரண்டி, தொப்பியின் மேல்தோலை விரலால் உரித்து, நீளப்பாட்டில் கையாலேயே கிழித்துப் போட்டா. கத்தி வைத்து வெட்டக் கூடாதாம், கிழித்தால்தான் நார் நாராக வருமாம். இருந்தது ஒரு பாதித் தேங்காய். சின்ன வெங்காயம், பச்சை மிளகாய், நாலு வெந்தயம், கறிவேப்பிலை, கடைசிப் பாலும் முதற்பாலும். இறக்கின பிறகு தேசிக்காய்ப்புளி. ஒன்பது பேர் அதோடு சோறு தின்றோம். என் தம்பி கோழிக்கறி என்று நினைத்து எலும்பைத் தேடினான்.

அதனால்தான் சொல்கிறேன், அந்தப் புற்றை விடுங்கள்.


கிளி மேசன் | செவ்வாய், மதியம் 12.40

ஐயா சொல்வது மனதுக்குச் சரி, ஆனால் வேலை செய்கிறவனாக ஒரு கதை சொல்ல வேண்டும். புற்றுக்குப் பக்கத்தில் மரத்தூண் நட்டுக் கொட்டில் போட்டால் இரண்டு வருடத்தில் தூண் மாவாகிவிடும். நான் கண்ணால் பார்த்திருக்கிறேன். காளான் வருடத்தில் நாலு நாள் வரும், கறையான் வருடம் முழுக்க நிற்கும். தங்கச்சி, செலவழித்துக் கட்டப் போகிறீர்கள், யோசியுங்கள்.


பாலைநிழல் | செவ்வாய், மாலை 6.15

உயர்தரத்துக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். இந்த இழையைக் கண்டதும் நாளைய பாடக்குறிப்பை ஓரமாக வைத்துவிட்டு வந்திருக்கிறேன், ஏனென்றால் எங்கள் மண்ணில் நடக்கிற பெரிய அதிசயங்களில் இது ஒன்று.

நட்டு வளர்க்கலாமா என்ற கேள்விக்கு முதலில் வருகிறேன். முடியாது. அது வேர் இல்லை. காளானின் தண்டேதான் அப்படி நீண்டு, நிலத்துக்குள் இருக்கிற கறையான் கூட்டோடு தொடுத்து நிற்கிறது. தாய் அங்கே கீழே.

கறையானால் சுள்ளி, சருகு, வைக்கல் எல்லாவற்றையும் தானாக முழுதாகச் செரிக்க முடியாது. தின்று கழித்ததைப் புற்றுக்குள் அடுக்கி, கடற்பஞ்சு மாதிரித் துளைதுளையாக ஒரு கூடு கட்டுகிறது. அந்தக் கூட்டில் ஒரு பங்கசு (பூஞ்சை) வளர்கிறது. டெர்மிட்டோமைசிஸ் என்பது அதன் பெயர். மரத்தின் கடினமான பகுதியை அது உடைத்துக் கொடுக்க, கறையான் அந்தக் கூட்டையே பிறகு தின்கிறது. உடைந்த புற்றில் கூட்டைக் கண்டால் பிட்டுப் பாருங்கள், குண்டூசித் தலையளவு வெள்ளை மணிகள் ஒட்டியிருக்கும். அது அவற்றின் தோட்டத்து விளைச்சல். மனிதன் வயல் செய்யத் தொடங்கிப் பத்தாயிரம் ஆண்டு சொச்சம். இந்தக் கறையானும் பங்கசும் ஆப்பிரிக்காவில் கூட்டுச் சேர்ந்து ஏறத்தாழ 3 கோடி ஆண்டு. ஒன்றில்லாமல் மற்றது வாழாது. சாம்பியாவில் இதே இனத்தில் ஒரு காளானின் தொப்பி ஒரு மீற்றர் அகலம் வரை விரியும்.

மழைக்கு மண் இளகின நேரம் பங்கசு மேலே காளானை அனுப்புகிறது. அந்தக் கூர்நுனி இறுகின மண்ணைத் துளைக்கத்தான். விரிந்த தொப்பியின் கீழ்ச் செதில்களிலிருந்து வித்திகள் கொட்டும். பறந்துபோன ஈசல்களில் தப்பிய சோடிகள் புதுப்புற்றுத் தொடங்கியிருக்கும் அல்லவா? இந்த வகைக் கறையான்களில் பெரும்பாலானவை தங்கள் பங்கசை அம்மா வீட்டிலிருந்து கொண்டு போவதில்லை. புதுப்புற்றின் வேலைக்காரக் கறையான்கள் வெளியே வந்து இந்த வித்திகளைப் பொறுக்கிக்கொண்டு போய்த்தான் தோட்டம் தொடங்க வேண்டும். ஆகவே பன்னிரண்டையும் மொட்டிலேயே பறித்துவிடாதீர்கள். பாதியாவது விரிந்து உதிரட்டும்.

கிளி மேசன் அண்ணை, உங்கள் கவலை நியாயமானது. ஆனால் மேலே தெரிகிற மேட்டைப் பெக்கோவால் வழித்தால் கறையான் போய்விடாது. ராணி நிலமட்டத்துக்குக் கீழும் இருக்கலாம், அது தப்பினால் மறுபடி கட்டும். வளவில் புற்றே இல்லாவிட்டாலும் மண்ணுக்கடியால் தூரத்திலிருந்து வரும். கொங்கிறீற்றுத் தூண் போடுவதுதான் மருந்து.


கிளி மேசன் | செவ்வாய், மாலை 6.50

கொங்கிறீற்றுத் தூண் என்றால் எனக்கு மறுப்பு இல்லை சேர். வைக்கல் பட்டடையை மட்டும் புற்றுப் பக்கம் போடாதீர்கள்.


தாதி அக்கா | செவ்வாய், இரவு 9.30

எல்லோரும் ருசியைக் கதைக்கிறீர்கள், நான் மற்றப் பக்கத்தைக் கதைக்க வேண்டியிருக்கிறது. மன்னித்துக்கொள்ளுங்கள், கொஞ்சம் நீளமாக எழுதுகிறேன்.

சில வருடத்துக்கு முன் ஒரு மாரியில் எங்கள் வார்டுக்கு ஒரு குடும்பத்தில் நாலு பேர் வந்தார்கள். புல்வெளியில் வட்டமாக முளைத்த பெரிய வெள்ளைக் காளானைப் பிடுங்கிச் சமைத்திருக்கிறார்கள். இரண்டு மணித்தியாலத்தில் வாந்தியும் வயிற்றோட்டமும். கடைசிப் பிள்ளைக்கு ஐந்து வயது, சேலைன் ஏற்ற நரம்பு பிடிபடவில்லை. விடியும்வரை அந்தப் பிள்ளையின் கையைப் பிடித்துக்கொண்டு நின்றேன். எல்லோரும் தப்பினார்கள். தாய் திரும்பத் திரும்பச் சொன்னது ஒன்றுதான்: "உள்ளி போட்டுப் பாத்தனான் மிஸ், கறுக்கேல்லை."

உள்ளி கறுத்தால் நஞ்சு, வெள்ளிக் காசு கறுத்தால் நஞ்சு, பூச்சி தின்றால் நல்லது, மஞ்சள் போட்டு அவித்தால் நஞ்சு முறியும். இந்த நாலும் பொய். நத்தையும் புழுவும் தின்கிற காளான் மனிதனைக் கொல்லலாம். அமானிட்டா என்ற இனத்தில் சிலவற்றின் நஞ்சு எவ்வளவு கொதித்தாலும் போகாது. அதில் இன்னொரு கொடுமை, சாப்பிட்டு ஆறு மணித்தியாலத்துக்குப் பிறகு, சிலவேளை அரை நாள் கழித்துத்தான் வாந்தி தொடங்கும். பிறகு ஒரு நாள் சுகமானது போல இருக்கும். அந்த நேரம் ஈரல் பழுதாகிக்கொண்டிருக்கும்.

எங்கள் வார்டுக்கு வந்த குடும்பம் சாப்பிட்டது பெரும்பாலும் பச்சைச் செதில் காளான். வெப்ப நாடுகளில் ஆட்களை அதிகம் வருத்துவது அதுதான். இளசில் செதில் வெள்ளை, முற்றினால்தான் பச்சை தட்டும். தண்டில் மேலும் கீழும் அசைகிற வளையம் இருக்கும். புற்றுக் காளான் சிலவற்றுக்கும் வளையம் உண்டு, ஆகையால் அதை மட்டும் வைத்து முடிவெடுக்க வேண்டாம்.

வளவுப்பிள்ளை, விரிந்த தொப்பி ஒன்றைத் தண்டில்லாமல் வெட்டி, வெள்ளைத் தாளில் செதில் கீழே பார்க்க வைத்து, கோப்பையால் மூடிவிடுங்கள். மறுநாள் தாளில் வித்தித் தூள் விழுந்திருக்கும். பச்சை என்றால் புதைத்துவிடுங்கள். புற்றுக் காளானுக்கு வெளிர் இளஞ்சிவப்பு விழும். ஆனால் அந்த நிறத்தில் தூள் விழுகிற நஞ்சுக் காளானும் உண்டு. நிறம், நீண்ட அடி, கூர்நுனி, புற்று, பழகின கண் எல்லாம் ஒன்றாகச் சேர்ந்து வந்தால்தான் சட்டிக்குள் போட வேண்டும். சமைக்கும்போது ஒன்றைச் சமைக்காமல் கடதாசியில் சுற்றிக் குளிர்சாதனப் பெட்டியில் வையுங்கள். ஏதும் நடந்தால் 1990 அம்புலன்ஸ் இலக்கத்துக்கு அழையுங்கள், அந்தக் காளானையும் கொண்டு வாருங்கள். கொழும்புத் தேசிய வைத்தியசாலையில் தேசிய நஞ்சுத் தகவல் நிலையம் இருக்கிறது, டொக்டர்மார் அவர்களிடம் கேட்பார்கள். எதைத் தின்றார் என்று தெரிந்தால் எங்கள் வேலை பாதி முடிந்த மாதிரி.

கொட்டில் போட்ட பிறகு சாணிக் கும்பியிலும் காளான் முளைக்கும். அதைத் தொட வேண்டாம், அவற்றில் சில மூளையைக் குழப்புகிறவை.


ரொறன்ரோ மல்லாவி | புதன், காலை 5.20

அக்கா சொன்னதை வெளிநாட்டில் இருக்கிறவர்கள் இரண்டு தரம் வாசிக்க வேண்டும். ஊரில் பழகின கண்ணோடு இங்கே காட்டுக்குள் போகக் கூடாது. ஒன்ராறியோக் காட்டில் முழு வெள்ளையில், பார்க்க அவ்வளவு அழகாக ஒரு அமானிட்டா முளைக்கும். மொட்டில் எங்கள் வைக்கல் காளான் மாதிரியே முட்டைக்குள் இருக்கும். 2012 தொடக்கத்தில் அவுஸ்திரேலியாவின் கன்பராவில் இரண்டு பேர் இறந்ததும் இப்படித்தான், வைக்கல் காளான் என்று நினைத்துச் சமைத்தார்கள். ஆசிய ஆட்களுக்கு அந்த வடிவம் வீட்டு நினைவு, அதுதான் ஏமாற்றுகிறது.

எனக்கு இன்னொரு நினைவும் வருகிறது. போர் முடிந்து 2010இல் மீளக்குடியேற விட்டபோது அம்மாவோடு நானும் காணி பார்க்கப் போனேன். கூரை இல்லை. குசினி இருந்த இடத்தில் மூன்று அடுப்புக்கல் மட்டும் போட்டபடி இருந்தது, நடுவில் ஈரச் சாம்பலும் செத்தையும். அதற்குள்ளே சின்னச் சின்ன வெள்ளைக் குடைகள். அம்மா அதற்குப் பக்கத்தில் குந்தியிருந்து ஒன்றும் கதைக்கவில்லை. பல வருடம் கழித்துத் தமிழ் படித்த நண்பர் ஒருவர் சொல்லித்தான் தெரியும், காளானுக்குப் பழைய பெயர் ஆம்பி என்றும், புறநானூற்றில் குமணனைப் பாடின பெருந்தலைச் சாத்தனார், சமைப்பதை மறந்த அடுப்பில் ஆம்பி பூத்தது என்றுதான் தன் வீட்டு வறுமையைச் சொன்னார் என்றும். சிறுபாணாற்றுப்படையிலும் கறையான் அரித்த பழஞ்சுவர்ப் புழுதியில் ஆம்பி பூத்து நிற்கிறது. நான் அதைப் படமாகவோ பாட்டாகவோ இல்லை, எங்கள் குசினியாகத்தான் பார்க்கிறேன்.


குளக்கட்டு | புதன், காலை 8.05

தம்பி, நீங்கள் எழுதினதை மனிசிக்கு வாசித்துக் காட்டினேன். எங்கள் வீட்டிலும் அதே கதைதான். எங்களுக்குக் கிணற்றுக் கட்டில் முளைத்திருந்தது.


சிப்பிக்காரி | புதன், காலை 10.30

வளர்க்க ஆசை என்றால் வளர்க்கிற காளான் வேறு இருக்கிறது பிள்ளை. நான் ஆறு வருடமாகச் சிப்பிக் காளான் செய்து கிளிநொச்சிச் சந்தைக்குக் கொடுக்கிறேன். மரத்தூள் 10 கிலோவுக்குத் தவிடு 1 கிலோ, கல்சியம் காபனேற்று 200 கிராம், சோயா மா அல்லது பயற்றம்மா 100 கிராம், மக்னீசியம் சல்பேற்று 20 கிராம். தண்ணீர் தெளித்துப் பிசைந்து கையில் பிடித்தால் உருண்டையாக நிற்க வேண்டும், விரலிடுக்கால் தண்ணீர் சொட்டக் கூடாது. பையில் இறுக்கி, பரலில் (பீப்பாயில்) ஆவியில் அவித்து, ஆறின பிறகு வித்துப் போட்டு, இருட்டில் வைத்தால் மூன்று நாலு கிழமையில் பை முழுக்கப் பால் மாதிரி வெள்ளை ஓடும். பிறகு வாயைத் திறந்து ஈரம் காட்டினால் மொட்டு வரும்.

நான் பட்ட கஷ்டத்தையும் சொல்ல வேண்டும். முதல் வருடம் மரக்காலையில் கிடைத்த தூளைப் பார்க்காமல் வாங்கினேன். முதிரையும் தேக்கும் கலந்த தூள். எண்பது பையிலும் வெள்ளை ஓடவே இல்லை, பச்சைப் பூஞ்சணம் பிடித்து நாறியது. எல்லாவற்றையும் கிடங்கு வெட்டித் தாட்டேன். மாமரத் தூள் மாதிரி மெதுமரத் தூள்தான் வேண்டும். கொட்டிலுக்குள் வாய் மூடாமல் வேலை செய்து இருமல் பிடித்ததும் அந்த வருடம்தான். சிப்பிக் காளான் விளிம்பு விரிய முன்னமே பறித்துவிட வேண்டும், விட்டால் வித்தி புகை மாதிரிக் கிளம்பி நெஞ்சுக்குள் போகும். இப்போது முகக்கவசம் இல்லாமல் உள்ளே போவதில்லை.

பங்குனி சித்திரை வெக்கைக்குச் சிப்பி படுத்துவிடும். அந்த நேரத்துக்குப் பால் காளான் நல்லது, 30 பாகை தாண்டினாலும் நிற்கும். காலபோகம் வெட்டின கையோடு வைக்கல் கிடந்தால் வைக்கல் காளானும் செய்யலாம். வித்துப் போட்டுப் பத்துப் பதினான்கு நாளில் முட்டை முட்டையாக வரும். ஆனால் குளிர்சாதனப் பெட்டியில் வைத்தால் கரைந்துவிடும், அன்றைக்கே விற்க வேண்டும். வயலில் வைக்கலை எரிக்கிறவர்களைப் பார்க்க எனக்கு நெஞ்சு பொறுக்காது.

ஆனாலும் உண்மையைச் சொல்கிறேன், என் பையில் வருகிற எதுவும் அந்தப் புற்றுக் காளானுக்குக் கிட்ட வராது.


முறிகண்டியான் | புதன், மதியம் 1.15

ஒரு சந்தேகம். எங்கள் மாமி சுத்த சைவம், காளானைக் குசினிக்குள்ளேயே எடுக்க விடமாட்டா. காளான் மரக்கறியா இல்லையா?


பாலைநிழல் | புதன், மாலை 5.40

தாவரமும் இல்லை, விலங்கும் இல்லை, பங்கசு தனி இராச்சியம். உறவுமுறை பார்த்தால் செடிகளைவிட விலங்குகளுக்குத்தான் கிட்ட. அதன் கலச்சுவரில் இருப்பது கைற்றின், றாலின் ஓட்டில் இருக்கிற அதே பொருள். மாமி படிக்காமலே ஏதோ உணர்ந்திருக்கிறா என்றுதான் எனக்குப் படுகிறது. விரதகாரர் காளானை விலக்குவது எங்கள் பக்கம் பழைய வழக்கம், அவவை வற்புறுத்த வேண்டாம். சாப்பிடுகிறவர்கள் பறித்த காளானைச் சமைக்க முன் செதில்பக்கம் மேலே பார்க்கக் கொஞ்ச நேரம் வெயில் காட்டுங்கள், விற்றமின் டி கூடும்.

காளான் தேடிக் காட்டுக்குள் இறங்குகிற பிள்ளைகளுக்கும் ஒன்று. மிதிவெடிப் பலகை நிற்கிற இடத்துக்குள் ஒரு அடியும் வைக்காதீர்கள், எவ்வளவு காளான் தெரிந்தாலும். பாதை தெரியாத காட்டில் ஆனையும் நிற்கும். வளவுப் புற்று இருக்கும்போது காட்டுப் புற்று எதற்கு?


வளவுப்பிள்ளை | வியாழன், காலை 9.00

எல்லோருக்கும் நன்றி. எல்லாவற்றையும் அம்மம்மாவுக்கு வாசித்துக் காட்டினேன்.

நேற்றுப் பின்னேரம் கயிறு பிடித்து அளந்தோம். கொட்டிலைப் பன்னிரண்டு அடி கிழக்கே தள்ளினால் ஒரு வேம்பின் கிளை மட்டும் வெட்ட வேண்டும், புற்று தப்பும். பெக்கோக்காரரிடம் சொன்னேன், அவர் கோபிக்கவில்லை. "எங்கட அம்மாவும் உதைத்தான் சொல்லுவா" என்றார். தூண் கொங்கிறீற்று, கிளி மேசன் அண்ணை.

நேற்று விரிந்ததில் ஒன்றை இரவு தாளில் வைத்தேன். இன்று கோப்பையைத் தூக்கிப் பார்த்தால் செதில் செதிலாக வட்டம் விழுந்திருக்கிறது. பச்சை இல்லை. பழைய கலியாணக் கார்ட் மாதிரி, மங்கின இளஞ்சிவப்பு. வளையமும் இல்லை. அம்மம்மா தாளைப் பார்க்கவே இல்லை. காளானின் அடியை மணந்து பார்த்தா, கையால் கிழித்துப் பார்த்தா, "சின்னனில தின்ட அதே சாமான்" என்று சொல்லிவிட்டுத் தேங்காய் துருவப் போய்விட்டா.

இன்று விடிய இன்னும் எட்டு மொட்டு வந்திருந்தது. ஐந்து பறித்தேன், மிச்சத்தைத் தொடவில்லை.


தாதி அக்கா | வியாழன், காலை 9.20

ஒன்றைச் சமைக்காமல் எடுத்து வைத்தீர்களா?


வளவுப்பிள்ளை | வியாழன், காலை 9.25

வைத்தேன் அக்கா, கடதாசியில் சுற்றி, திகதி எழுதி.

குளக்கட்டு ஐயா, அம்மம்மா கேட்கச் சொன்னா: உங்கள் தாயார் கடைசிப் பாலிலேயே அவிய விட்டவவா, வெங்காயத்தை முதலில் வதக்கினவவா? நீங்கள் முத்தையன்கட்டில் எந்தப் பக்கம் என்றும் கேட்கிறா.


குளக்கட்டு | வியாழன், காலை 9.50

வதக்க எண்ணெய் எங்கே இருந்தது பிள்ளை, பாலிலேயேதான் அவிந்தது. வாய்க்கால் ஓரம், இடது கரை. அம்மம்மாவின் ஊரையும் கேட்டுச் சொல்லுங்கள்.